கார்ட்டூன் பையனுக்கு ஒரு பாடநூல்

1965இல் ஆர்.கே. லக்ஷ்மண் ஒரு கார்ட்டூன் வரைந்தார். இந்தி எதிர்ப்புப் போராட்டம் தமிழ்நாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்த சமயம். படத்தில் ஒரு போராட்டக்கார மாணவன். பையனுக்கு ஆங்கிலமும் படிக்க வராது என்பதுதான் அதன் ஜோக். இந்தி வேண்டாம், ஆங்கிலம் இருக்கட்டும் என்று தெருவில் இறங்கியவனுக்கு அந்த ஆங்கிலமாவது தெரியுமா என்கிற நக்கல். அன்றைய பம்பாய் வாசகர் காலைக் காப்பியோடு சிரித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருப்பார்.

அதே படம் 2007இல் வெளியான என்.சி.இ.ஆர்.டி.யின் 12ஆம் வகுப்பு அரசியல் அறிவியல் பாடநூலில் இடம்பெற்றது. புத்தகத்தின் பெயர் 'பாலிடிக்ஸ் இன் இந்தியா சின்ஸ் இண்டிபெண்டன்ஸ்'. 2012இல் இந்தப் படத்தை எடுத்தே ஆக வேண்டும் என்று கருணாநிதியும் ஜெயலலிதாவும் ஒரே குரலில் சொன்னார்கள். அவர்கள் இருவரும் ஒத்துப்போன விஷயங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அந்தச் சண்டையில் யாரும் பெரிதாகப் பேசாத ஒரு விஷயம் உண்டு. என்.சி.இ.ஆர்.டி. தன் பாடநூல்களை ஆங்கிலம், இந்தி, உருது ஆகிய மொழிகளில் வெளியிடுகிறது. தமிழில் இல்லை. படத்தில் நிற்கிறானே அந்தப் பையன், அவனைப் பற்றிய ஜோக் அச்சான புத்தகத்தையே அவனால் படிக்க முடியாது. ஜோக் அவனைப் பற்றியது, ஆனால் அவனுக்குச் சொல்லப்பட்டதல்ல. அந்தப் பாடநூல் வரிசையின் பலம், பலவீனம் இரண்டுமே இந்த ஒரு பக்கத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

முதலில் பலத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் படித்தது எஞ்சினியரிங். அரசியல் அறிவியல் என்று ஒரு பாடம் இருப்பதே கல்லூரி முடிக்கும் வரை எனக்கு ஒரு வதந்தி மாதிரிதான். எங்கள் பள்ளியில் ஹிஸ்டரி குரூப் எடுத்தவர்களை 'மார்க் பத்தலை போல' என்றுதான் பார்ப்பார்கள். முப்பது வயதுக்கு மேல், ஓசூரிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி போகும் பஸ்ஸில், அத்திப்பள்ளி நெரிசலில் நின்றபடி இந்தப் புத்தகங்களை செல்போனில் ஒவ்வொன்றாகப் படித்தேன். யோகேந்திர யாதவும் சுகாஸ் பல்ஷிகரும் தலைமை ஆலோசகர்களாக இருந்து உருவாக்கிய வரிசை அது. 2006, 2007இல் வந்தது. பாடநூல் என்றால் மனப்பாடப் பண்டம் என்று வளர்ந்தவனுக்கு அது ஒரு சின்ன அதிர்ச்சி.

காரணம் உள்ளடக்கம் மட்டுமல்ல, உரைநடையும்தான். பக்கத்துக்குப் பக்கம் உன்னி, முன்னி என்று இரண்டு பொடிசுகள் ஓரத்தில் நின்று குறுக்குக் கேள்வி கேட்கும். ஓவியர் இர்ஃபான் கான் வரைந்தவை. பாடம் தேசத்தைப் பற்றிக் கம்பீரமாக ஏதாவது சொல்லிக்கொண்டிருக்கும்போது, அதெல்லாம் சரி, ஆனா அப்படின்னா இது என்ன என்று அவை ஒரு கேள்வியைப் போடும். பாடம் அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்லாது. விட்டுவிடும். பிரிவினையைச் சொல்லும் இடத்தில் மண்ட்டோ வருவார், கவிதை வரும். செய்தித்தாள் நறுக்குகள், அமுல் விளம்பரங்கள், பார்க்க வேண்டிய படங்கள் என்று எல்லாம் உள்ளே உண்டு. நெருக்கடி நிலையைப் பற்றிய அத்தியாயத்தை அரசு நிறுவனம் ஒன்று அச்சிட்டிருக்கிறது என்று நம்பவே முடியாது; அவ்வளவு நிதானமாக, இரண்டு தரப்பு வாதங்களையும் எதிரெதிரே வைத்து, முடிவைப் பையன்களிடமே தள்ளிவிடுகிறது. பதினேழு வயதுக்காரனைப் பெரிய மனிதனாக மதித்துப் பேசும் நடை அது. கோட் எழுதுகிறவன் பார்வையில் சொன்னால், முடிந்த ப்ரோக்ராமைக் கையில் கொடுக்காமல், எங்கெல்லாம் அது உடையும் என்று சேர்த்துக் காட்டுகிற புத்தகம்.

இதன் பக்கத்தில் நம்ம மாநிலப் பாடநூலை வைத்துப் பாருங்கள். 2018இல் 11ஆம் வகுப்புக்கும் 2019இல் 12ஆம் வகுப்புக்கும் புதிய பாடநூல்கள் வந்தன. தாள், அச்சு, படங்கள் எல்லாம் பழையவற்றைவிடப் பல மடங்கு மேல். திராவிட இயக்கத்துக்கும் சமூக நீதிக்கும் உரிய இடம் கொடுத்திருக்கிறார்கள். டெல்லிப் புத்தகத்திலோ திராவிட இயக்கம் 'வட்டார அபிலாஷைகள்' என்கிற அத்தியாயத்துக்குள் ஒரு பெட்டிச் செய்தி. 1967இல் இருந்து ஒரு மாநிலத்தை ஆள்கிறவர்களின் வரலாறு பெட்டிக்குள் அடங்கும் என்றால், யாருக்கு எது வட்டாரம் என்று கேட்கத் தோன்றும். அந்த அளவில் மாநில நூல் செய்திருப்பது நியாயமான திருத்தம்.

ஆனால் நடை? கிரேக்கத்தில் போலிஸ் என்றால் நகர அரசு, அரிஸ்டாட்டில் இந்தப் பாடத்தின் தந்தை, இறைமை என்றால் இது, அதன் பண்புகள் இவை, இன்னார் இப்படி வரையறுத்தார், இன்னொருவர் அப்படி வரையறுத்தார். தலைவர்கள் வந்தால் நிமிர்ந்து நின்று வணக்கம் வைக்கும் வாக்கியங்கள். எதுவும் தப்பில்லை, எதிலும் சண்டையும் இல்லை. இந்தப் புத்தகத்தைப் படித்த ஒருவன் இறையாண்மையை ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதிவிடுவான். ஜூஜுவாடி செக்போஸ்டில் ஒரு நாள் போலீஸ் தடுப்பு வைத்து வண்டியை நிறுத்தினால் அது என்ன இறையாண்மை என்று யோசிக்கப் புத்தகம் அவனைத் தூண்டாது. 2016 செப்டம்பரில் காவிரிக் கலவரத்தின்போது பஸ் நின்றுபோய், மூட்டையும் குழந்தையுமாக ஜனங்கள் அத்திப்பள்ளியிலிருந்து நடந்தே எல்லையைத் தாண்டி வந்ததை இந்த ஊர் பார்த்திருக்கிறது. கூட்டாட்சி பற்றி அதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது. நம் நூலில் கூட்டாட்சி என்பது அதிகாரப் பட்டியல்களின் அட்டவணை.

பாடத்தின் பெயரிலேயே ஒரு சிக்கல் இருப்பதையும் சொல்ல வேண்டும். இலங்கைத் தமிழர்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இதை 'அரசறிவியல்' என்கிறார்கள். நாம் 'அரசியல் அறிவியல்' என்கிறோம். நம் ஊர்ப் பேச்சில் அரசியல் என்றால் என்ன? 'இதுல என்னமோ அரசியல் இருக்கு', 'அரசியல் பண்ணாதப்பா', 'டீம்ல ஒரே பாலிடிக்ஸ்'. திருக்குறளின் பொருட்பாலில் 'அரசியல்' 25 அதிகாரங்கள் கொண்ட ஓர் இயல். இப்போது அந்தச் சொல் குழிபறிப்புக்கு மாற்றுப்பெயர். அதையா மூன்று வருஷம் காசு கட்டிப் படிப்பார்கள் என்று பெற்றோர் மிரள்வதில் ஆச்சரியம் இல்லை. 'பாலிடிக்ஸ் படிச்சு எலெக்‌ஷன்ல நிக்கப் போறியா?' என்கிற கேள்வியைத் தாண்டாமல் தமிழ்நாட்டில் யாரும் இந்த மேஜரை எடுத்திருக்க முடியாது. எடுத்தவர்களுக்கு அடுத்த கேள்வி, 'ஐ.ஏ.எஸ்.ஸுக்கா?' சொல்லப்போனால் என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்கள் தமிழ்நாட்டில் புழங்குவதே பெரும்பாலும் அந்தக் கோச்சிங் சென்டர்கள் வழியாகத்தான். ஆட்சி செய்யப் படிக்கிறார்கள். ஆளப்படுகிறவர்கள் எதற்குப் படிக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை.

இனி 2012க்கு வருகிறேன். லக்ஷ்மண் படத்துக்கு முன்பே வெடித்தது 11ஆம் வகுப்பு அரசமைப்பு நூலில் இருந்த இன்னொரு படம். சங்கர் 1949இல் வரைந்தது. அரசமைப்புச் சட்டம் ஒரு நத்தை. அதன் மேல் சவுக்கோடு அம்பேத்கர். பின்னால் சவுக்கை ஓங்கியபடி நேரு. சுற்றிலும் வேடிக்கை பார்க்கும் கூட்டம். நேருவின் சவுக்கு யாருக்கு? நத்தைக்கு என்றார்கள் நூலை உருவாக்கியவர்கள். கூடவே இருக்கும் பாடம் அம்பேத்கரைக் குறைத்துப் பேசவில்லை என்பதும், அரசமைப்பு அவை ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் எடுத்துக்கொண்டது ஏன் நல்லது என்றுதான் அந்த அத்தியாயம் வாதிடுகிறது என்பதும் உண்மை. 2012 மே மாதம் தொல். திருமாவளவன் மக்களவையில் இதை எழுப்பினார். கபில் சிபல் மன்னிப்புக் கேட்டார், படத்தை எடுப்பதாகச் சொன்னார். யாதவும் பல்ஷிகரும் ஆலோசகர் பொறுப்பிலிருந்து விலகினார்கள். மறுநாளே புனே பல்கலைக்கழகத்தில் பல்ஷிகரின் அறையை ஒரு கும்பல் அடித்து நொறுக்கியது.

அந்தப் படத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நத்தைதான் குறி என்று வாதத்துக்கு ஒப்புக்கொள்ளலாம். ஆனால் கண் முதலில் பார்ப்பது வாதத்தை அல்ல. ஓங்கிய சவுக்கு, அதன் முன்னால் ஒரு தலித் தலைவரின் முதுகு. சவுக்கு என்பது சும்மா ஒரு பொருளா இந்த நாட்டில்? பண்ணையார் கையில் அதைப் பார்த்த தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கும் ஊர்களில், வகுப்பறையில் நாற்பது பேர் நடுவே அந்தப் பக்கத்தைத் திறக்கும் ஒரு தலித் மாணவனுக்கு என்ன நடக்கும் என்று புத்தகம் யோசித்த தடயம் இல்லை. உன்னியும் முன்னியும் எத்தனையோ கேள்வி கேட்கிறார்கள். 'ஏன் அவர் கையில் சவுக்கு?' என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. திருமாவளவன் கேட்டது அந்த விடுபட்ட கேள்வி என்று எடுத்துக்கொண்டால் அது நல்ல விமர்சனம். அறையை நொறுக்கியது விமர்சனத்தில் சேராது. படத்தை நீக்கியதும் என்னைப் பொறுத்தவரை சேராது.

அதன்பின் எஸ்.கே. தோரட் தலைமையில் ஒரு குழு போட்டு எல்லாப் படங்களையும் அலசினார்கள். பலவற்றை நீக்கச் சொல்லியது குழு. அதில் ஒரே ஒரு உறுப்பினர் ஒப்பாமல் தனியாக மறுப்புக் குறிப்பு எழுதினார். எம்.எஸ்.எஸ். பாண்டியன். நம்ம ஆள். எம்.ஜி.ஆர். என்கிற பிம்பத்தைப் பற்றி 1992இல் 'தி இமேஜ் ட்ராப்' எழுதியவர், பிராமணர்–பிராமணரல்லாதார் அரசியலின் வரலாற்றை எழுதியவர். லக்ஷ்மண் படத்தைப் பார்த்துக் கோபப்பட அவரைவிட அதிகம் காரணம் உள்ள அறிஞர் அந்த மேசையில் இருந்திருக்க மாட்டார். திராவிட இயக்கத்தை டெல்லி எப்படிப் பார்க்கும் என்று வாழ்நாள் முழுக்க எழுதியவர் அவர். ஆனாலும் படங்களை வெட்டும் யோசனையை ஏற்கவில்லை. 2014இல் இறந்துபோனார். தமிழில் அரசியல் அறிவியல் படிக்கிறவர்களுக்கு இந்த ஒரு நிகழ்ச்சி போதும், ஒரு செமஸ்டர் ஓட்டலாம்: ஒரே மாநிலத்திலிருந்து போன இருவர், இருவருமே சாதிக்கு எதிரானவர்கள், ஒரே புத்தகத்தைப் பற்றி எதிரெதிர் முடிவுக்கு வருகிறார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கற்றுக்கொடுக்கத்தானே இந்தப் பாடம்? படத்தை அப்படியே விட்டு, பக்கத்தில் 2012இல் நடந்ததையும் சேர்த்து அச்சடித்திருந்தால் அந்தப் புத்தகம் தன் முறைக்குத் தானே உண்மையாக இருந்திருக்கும்.

இதையெல்லாம் நான் தனியாக யோசித்துக்கொண்டிருந்திருப்பேன். எங்கள் கீழ் வீட்டில் ஒரு பெண், ப்ளஸ் டூ, அரசுப் பள்ளி, தமிழ் மீடியம், ஹிஸ்டரி குரூப். பி.ஏ. அரசியல் அறிவியல் சேரணும் என்கிறாள். வீட்டில் தெலுங்கு. பள்ளியில் தமிழ். அம்மாவோடு மார்க்கெட் போனால் கன்னடம் பேசி விலை குறைப்பாள். பக்கத்து வீட்டுப் பாட்டியோடு உருதுவும் ஒப்பேற்றுவாள். ஓசூரில் இது சாதாரணம், யாரும் இதை ஒரு திறமையாகவே எண்ணுவதில்லை. இங்கிலீஷ் மட்டும் தடுமாற்றம். அவளிடம் 12ஆம் வகுப்பு நூலின் பழைய பிடிஎஃபைக் கொடுத்திருந்தேன். கூகிள் ட்ரான்ஸ்லேட்டில் பக்கம் பக்கமாகப் போட்டெடுத்து, அது துப்புகிற தமிழில் இருந்து திரும்ப அர்த்தம் ஊகித்து ஊகித்துப் படித்தாள். லக்ஷ்மண் படத்துக்கு வந்தபோது மேலே வந்து கேட்டாள்.

"அண்ணா, இதுல ஜோக் எங்க இருக்கு?"

விளக்கினேன்.

"அவனுக்கு இங்கிலீஷ் தெரியலன்னா அது என்ன ஜோக்? அவனுக்குத் தமிழ் தெரியும்ல?"

அந்தப் படத்தைப் பற்றி வந்த கட்டுரைகளில் நான் படித்தவரை இத்தனை சுருக்கமாக யாரும் சொல்லவில்லை. ஆங்கிலம் தெரியாதவனுக்கு மொழியைப் பற்றிப் பேச உரிமை இல்லை என்பதுதான் அந்த ஜோக்குக்கு அடியில் இருக்கும் அனுமானம். அது விழுந்தால் சிரிப்பும் விழுந்துவிடுகிறது.

ஆனால் ஓசூரில் இருந்து யோசித்தால் கதை அதோடு முடியாது. கட்டாய இந்தியை 1938இல் சென்னை மாகாணப் பள்ளிகளில் கொண்டுவந்த ராஜாஜி பிறந்தது இங்கே பக்கத்துத் தொரப்பள்ளியில்தான். அதே ராஜாஜி அறுபதுகளில் இந்தித் திணிப்பை எதிர்த்தார். 1956இல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது, வீட்டுக்கு வீடு தெலுங்கும் கன்னடமும் புழங்கிய இந்தப் பகுதி சென்னை மாநிலத்திலேயே தங்கியது. 2006இல் தமிழ் கற்றல் சட்டம் வந்தது. தமிழ் படிக்காமல் தமிழ்நாட்டில் யாரும் பள்ளியைத் தாண்டக் கூடாது என்பது நியாயமான ஆசைதான். ஆனால் தெலுங்கு, கன்னட, உருது வழிப் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் பதறினார்கள். பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்விலிருந்து விலக்குக் கேட்டு நீதிமன்றம் போனார்கள், வாங்கினார்கள். அந்தப் பெற்றோர் கேட்டதற்கும் 1965இல் மதுரையில் மாணவர்கள் கேட்டதற்கும் என்ன வித்தியாசம், என்ன ஒற்றுமை? வித்தியாசம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்; ஒரு மாநிலத்தின் பொது மொழியும் ஒரு நாட்டின் மேல் ஏற்றப்படும் மொழியும் ஒன்றல்ல. ஆனால் இதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. டெல்லிப் புத்தகத்துக்கு இப்படி ஒரு ஊர் இருப்பதே தெரியாது. சென்னைப் புத்தகத்துக்குத் தெரிந்தாலும் பேசக் கூச்சம்.

அந்தப் பெண்ணின் அப்பா ஒரு வண்டி உதிரிபாகக் கம்பெனியில் கான்ட்ராக்ட் தொழிலாளி. பன்னிரண்டு வருஷமாகக் கான்ட்ராக்ட். அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று சிப்காட்டுக்குள் பெரிய கேட்டுகள் வந்து நாற்பது வருஷம் தாண்டிவிட்டது. அந்தக் கேட்டுகளைச் சுற்றி முளைத்த சின்னக் கம்பெனிகளில் நிரந்தர வேலை என்பது இன்றைக்குப் பழங்கதை. ட்ரெய்னி, அப்ரென்டிஸ், கான்ட்ராக்ட். ஒரே லைனில் ஒரே வேலை, மூன்று நிறச் சட்டை, மூன்று சம்பளம். அவர் என்னிடம் கேட்டார், "தம்பி, பொலிட்டிகல் சயின்ஸ்னா என்ன வேலை கிடைக்கும்?" வக்கீலுக்குப் படிக்கலாம், பி.எட். போகலாம், டி.என்.பி.எஸ்.சி. எழுதலாம் என்றேன். "அதுக்கு நீங்க படிச்சதையே படிக்கட்டுமே." அவரிடம் வாதிடுவது கஷ்டம். அவர் கணக்கு சரி. வேலைக்கான படிப்பு எது என்று இந்த ஊரைவிடத் தெளிவாக எந்த ஊருக்கும் தெரியாது. அவருக்கு ஏன் பன்னிரண்டு வருஷமாக நிரந்தரம் ஆகவில்லை என்று சொல்லித்தரும் படிப்பு இது என்று சொல்லியிருக்கலாம். ஷிப்டு முடிந்து வந்து நிற்கிறவரிடம் அப்படிச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும்.

அவரைப் பற்றிய பாடம் ஓரளவுக்கு அந்த நூலில் இருந்தது. 'மக்கள் இயக்கங்களின் எழுச்சி' என்று 12ஆம் வகுப்பு நூலில் ஓர் அத்தியாயம். சிப்கோ, தலித் பாந்தர்கள், விவசாயிகள் சங்கம், ஆந்திரப் பெண்களின் சாராய எதிர்ப்பு, நர்மதை, தகவல் உரிமை. கட்சியில் இல்லாதவர்களும் அரசியல் செய்கிறார்கள் என்று சொன்ன அத்தியாயம். என்னைக் கேட்டால் அந்த நூலிலேயே சிறந்தது. 2022இல் பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்று சொல்லி அதை முழுசாக எடுத்துவிட்டார்கள். 2023 ஜூனில் யாதவும் பல்ஷிகரும், இப்படி வெட்டிச் சிதைத்த புத்தகத்தில் எங்கள் பெயர் வேண்டாம் என்று என்.சி.இ.ஆர்.டி.க்கு எழுதினார்கள். வேறு முப்பத்துச் சொச்சம் அறிஞர்களும் அதையே கேட்டார்கள். 2024 பதிப்பில் பாபர் மசூதி 'மூன்று குவிமாடக் கட்டுமானம்' ஆகியிருந்தது. 2012இல் சவுக்கைக் காட்டிப் படத்தை எடுத்தபோது கைதட்டிய பலர் இப்போது கவலைப்படுகிறார்கள். ஒரு பக்கத்தை எடுக்கலாம் என்று எல்லாக் கட்சியும் சேர்ந்து ஒருமுறை ஒப்புக்கொண்டபின், அடுத்து எந்தப் பக்கம் என்பது யார் ஆட்சி என்கிற கேள்வி மட்டும்தான்.

தமிழில் இதற்கு மாற்று எழுத முடியாதா என்றால், தாராளமாக முடியும். உத்தனப்பள்ளிப் பக்கம் சிப்காட்டுக்கு நிலம் தர மாட்டோம் என்று விவசாயிகள் உட்கார்ந்த போராட்டம் ஓர் அத்தியாயம். அதே சிப்காட்டில் வேலை கேட்டு நிற்கும் அந்த விவசாயிகளின் பிள்ளைகள் அதே அத்தியாயத்தின் இரண்டாம் பகுதி. இரண்டையும் ஒரே பக்கத்தில் வைக்கிற உரைநடைதான் வேண்டும். நம்மிடம் நாவலில் அந்த உரைநடை இருக்கிறது, சிறுகதையில் இருக்கிறது. பாடநூலுக்கு வந்தால் மட்டும் வேட்டியை இறக்கிவிட்டு மேடைத் தமிழ் பேச ஆரம்பித்துவிடுகிறோம். எழுத்தாளர்களும் பாடநூலை இலக்கியத்துக்கு வெளியே வைத்துவிட்டோம். விமர்சகர் எவரும் அதற்கு மதிப்புரை எழுதுவதில்லை. அதிகம் பேர் கையில் போகும் தமிழ் உரைநடை அதுதான்.

மேஜராக இதைப் படிக்க வேண்டும் என்றால் பழைய, பேர் பெற்ற துறைகள் சென்னை மாநிலக் கல்லூரியிலும் தாம்பரம் எம்.சி.சி.யிலும் இருக்கின்றன. இங்கிருந்து 300 கிலோமீட்டர், ஹாஸ்டல். பெங்களூரு 40 கிலோமீட்டர்தான். அங்கே இங்கிலீஷ் அல்லது கன்னடம். கன்னடம் பேச வரும் அவளுக்கு, எழுத வராது. பிடிஎஃபை பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் போட்டு ஸ்பைரல் பைண்டிங் செய்துகொண்டாள், நீக்கிய அத்தியாயத்தோடு சேர்த்து. ஓரங்களில் பென்சிலில் தமிழ் அர்த்தங்கள். சில இடங்களில் தெலுங்குச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறாள்.

கல்லூரி விண்ணப்பத்தில் முதல் விருப்பம் அரசியல் அறிவியல், இரண்டாவது பி.காம். போட்டிருக்கிறாள். இரண்டாவது கிடைத்தால் வீட்டிலிருந்தே போய் வரலாம் என்று அப்பா சொல்லியிருக்கிறார்.